ஒரு கிலோவில் தொண்ணூறு சென்ட்

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் பாதையில், கரிசல் காடும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வரும் வெட்டவெளியில் இருக்கிறது மல்லாங்கிணறு. சிவகாசி இங்கிருந்து தென்மேற்கே, விருதுநகரைத் தாண்டி. வானம் பார்த்த பூமி என்று இந்த மாவட்டத்தைச் சொல்வார்கள். மழையை நம்பி ஏமாந்த குடும்பங்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும்தான் சோறு போட்டன. விடியுமுன் ஆலை வேனுக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களின் கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். எவர்சில்வர் மலிவதற்கு முன் அது ‘ஈயத் தூக்கு’. நம் பக்கம் ஈயச்சட்டி, ஈயப்போணி என்று சொல்கிறோமே, அதெல்லாம் ஈயம் அல்ல, அலுமினியம். புது உலோகம் வந்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

தூக்குக்குள் கஞ்சி இருக்கிறது. காலையிலிருந்து மதியம்வரை அந்தத் தண்ணீரோடு அலுமினியம் ஒட்டி உறவாடுகிறது, ஒன்றும் ஆவதில்லை. அதைச் சுமந்து போகிறவர் ஆலையில் கையாளும் வெடிமருந்திலும் அதே அலுமினியம் பவுடராக இருக்கிறது. அந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகச் சூடேறும். சில சமயம் தீப்பற்றும். ஒரே உலோகம், ஒரே தண்ணீர். ஓரிடத்தில் சோற்றுக்குக் காவல், இன்னோரிடத்தில் உயிருக்கு ஆபத்து. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அலுமினியத்தின் மேல் போர்த்தியிருக்கும் ஒரு தோல். அதன் தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

அலுமினியம் சாதுவான உலோகம் என்று நாம் நினைப்பது அந்தத் தோலைப் பார்த்துத்தான். தோலை உரித்துவிட்டால் அது ஆக்சிஜனைக் கண்டமாத்திரத்தில் பிடித்து இழுக்கும். தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை வெளியே தள்ளும். தூக்குவாளியில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். கீறலின் அடியில் பளபளக்கும் வெற்று உலோகம் காற்றைப் பார்த்த கணத்திலேயே அலுமினியம் ஆக்சைடாக மாறத் தொடங்குகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காயம் மூடிவிடும். அதற்குப் பிறகு வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. இரும்பின் துரு நிற்பதில்லையே. கதவுக் கீலில் பிடித்த துரு, கீல் தீரும்வரை தின்றுகொண்டே போகிறது.

விடையின் முதல் பாதி 1923-ல் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, ஊரில் அதைத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் ஓர் எளிய கணக்கைப் போட்டார்கள். ஓர் உலோகம் ஆக்சைடாக மாறும்போது அது அடைக்கும் இடம் கூடுகிறதா, குறைகிறதா? மெக்னீசியத்துக்கு விகிதம் 0.81. அதாவது ஆக்சைடு, தான் பிறந்த உலோகத்தைவிடச் சிறியது. வளர்ந்த பிள்ளைக்குப் போட்ட பழைய சட்டை போல ஆங்காங்கே பிளந்து உடம்பைக் காட்டும். அலுமினியத்துக்கு 1.28. சற்றே பெரியது, இடைவெளி விடாமல் இறுக மூடிக்கொள்கிறது. இரும்பின் துருவோ இன்னும் அதிகமாக உப்பி, தன் பாரத்திலேயே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

மறு பாதியை 1940களின் இறுதியில் கப்ரேராவும் நெவில் மாட்டும் சொன்னார்கள். உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய ஆக்சைடை ஊடுருவி, வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைச் சேர்கின்றன. வெளியே எதிர்மின், உள்ளே நேர்மின். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட் அளவு மின்னழுத்தம்தான். ஆனால் இடைவெளி 2 நானோமீட்டர் என்றால், மீட்டருக்கு 50 கோடி வோல்ட் என்ற கணக்கில் புலம் இழுக்கிறது. அந்த இழுப்பில் அலுமினிய அயனிகள் உள்ளிருந்து வெளியே வந்து ஆக்சிஜனோடு சேர்ந்து படலத்தை வளர்க்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க இடைவெளி கூடுகிறது, இழுப்பு தளர்கிறது, ஒரு கட்டத்தில் அயனி நகர முடியாமல் நின்றுவிடுகிறது. வளர்ச்சியே வளர்ச்சியை நிறுத்துகிறது. இயற்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

நின்ற வளர்ச்சியை மறுபடி தொடங்க வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் போதும். அமிலத் தொட்டியில் அலுமினியத்தை நேர்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் தோல் ஆயிரம் மடங்குகூடத் தடிக்கும். ஆனோடைசிங் என்று கடைத்தெருவிலும் தெரிந்த வேலை இது. அலுமினிய ஜன்னல் சட்டங்களின் நிறம் இந்தத் தோலில் ஏற்றியதுதான். இந்தத் துறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய வீடு உண்டு. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்.

தோல் எப்போது கரையும் என்று அறிய ஆய்வகம் வேண்டாம், அடுப்படி போதும். உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீரை ஈயச்சட்டியில் தொடர்ந்து கொதிக்கவைத்தால் உட்புறம் கருத்துப்போகும். அதே சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் பளிச்சென்று வெளுக்கும். தண்ணீரின் காரத்தன்மை ஒருவிதமாகவும் புளியின் அமிலம் வேறுவிதமாகவும் தோலைத் தொடுகின்றன. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை அலுமினிய டப்பாவில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஈரச் சுண்ணாம்பு பட்ட இடம் நுரைத்து, டப்பா அரிக்கப்படும். அந்த நுரையில் இருப்பது ஹைட்ரஜன். அமிலமும் மிகாமல் காரமும் மிகாமல், அமிலகார அளவுகோலில் சுமார் 4-லிருந்து 8.5 வரை உள்ள நடுப்பகுதியில்தான் தோல் பத்திரம். சுண்ணாம்பு அந்த எல்லையை வெகுதூரம் தாண்டியது. தோல் போனபின் உள்ளே இருப்பது, முன்னே சொன்ன, தண்ணீரோடு சண்டை போடும் அலுமினியம்தான்.

இனி தூக்குவாளியை விட்டுப் பவுடருக்கு வருவோம்.

மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே திருமங்கலத்தை ஒட்டி, மறவன்குளத்தில் மெட்டல் பவுடர் கம்பெனி இருக்கிறது. சுருக்கமாக மெப்கோ. சிவகாசியில் 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் முதல் பாதி இந்த ஆலையுடையது. அலுமினியத் துகளை உருளைக்குள் எஃகுக் குண்டுகளோடு போட்டுச் சுழற்றி, தட்டித் தட்டிச் செதில் ஆக்குவது இந்தத் தொழிலின் பழைய வழி. வெறும் அலுமினியத்தைத் தட்டினால் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க ஸ்டியரிக் அமிலம் என்ற மெழுகுப்பொருளைச் சேர்ப்பார்கள். அது செதிலின் மேல் படிந்து, ஆக்சைடுத் தோலுக்கு மேல் ஒரு மழைச்சட்டையாகவும் உதவுகிறது.

இப்போது ஒரு கணக்கு. செதிலின் தடிமன் 0.2 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஒரு கிராம் செதிலுக்கு இரு பக்கமும் சேர்த்து 3.7 சதுர மீட்டர் பரப்பு வருகிறது. ஒரு கிலோவுக்கு 3,700 சதுர மீட்டர். நம் நில அளவில் தொண்ணூறு சென்டுக்கும் சற்று மேல். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு சின்னப் பொட்டலத்துக்குள் ஒரு புஞ்சைக்காடே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பரப்பு முழுவதையும் 3 நானோமீட்டர் தோல் காக்கிறது. தோலின் மொத்தக் கனஅளவு இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. தூக்குவாளியில் ஒரு கீறல் விழுந்தால் மூடிக்கொள்ளும் என்று பார்த்தோம். தொண்ணூறு சென்டிலும் ஒரே நேரத்தில் தோல் கரையத் தொடங்கினால் அப்போது வெளிவரும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை.

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து நீர்த்துப் போச்சு’ என்பார்கள். நாளிதழ்களில் விபத்துச் செய்திகளிலும் இந்தச் சொல் வரும். கலந்து வைத்த மருந்து வேலை முடியாமல் மிஞ்சுகிறது. இரவெல்லாம் அறையில் கிடக்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்றை வாங்குகிறது. காலையில் யாரோ அதைக் கிளறுகிறார்கள். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் வேதியியலைப் பார்த்தால், நம் தொழிலாளர்கள் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

மருந்தில் வெடியுப்பு இருக்கிறது, அது நைட்ரேட். ஈரம் வந்ததும் நைட்ரேட் கரைந்து அலுமினியத்தைத் தொடுகிறது. தோலில் ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் வினை தொடங்கினால், அலுமினியம் நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா ஒரு காரம். சுண்ணாம்பு டப்பாவில் நடந்ததே இங்கும் நடக்கிறது. காரம் தோலைக் கரைக்கிறது, புதிய அலுமினியம் வெளிப்படுகிறது, மேலும் அம்மோனியா, மேலும் காரம், மேலும் சூடு. சூடு ஏற ஏற வேகமும் ஏறுகிறது. தானே நின்றுவிடும் தோல் இருந்த இடத்தில், தானே வேகமெடுக்கும் வினை வந்துவிட்டது. முழு மருந்தும் எரியத் தொடங்க இதற்குமேல் ஒரு தீப்பொறிகூட வேண்டியதில்லை.

இதற்கு மலிவான காவல் ஒன்று உண்டு. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர். மருந்தோடு சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால், பிறக்கும் காரத்தை அது உடனுக்குடன் அடக்கி, தோலைப் பத்திரமான நடுப்பகுதியிலேயே வைத்திருக்கும். உலகெங்கும் வாணவேடிக்கைத் தொழில் அறிந்த பழைய பாடம் இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா விபத்தும் ஈரத்தால் வருவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். உராய்வு, நிலைமின்சாரம், வெயில், அளவுக்கு மிஞ்சிய மருந்து, அறைக்குள் கூடுதல் ஆட்கள் என்று பல காரணங்கள் கைகோத்தே இத்தகைய சாவுகள் நேர்கின்றன. எந்த வறண்ட காற்று பட்டாசு காயவைக்க உதவி இந்தத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்ததோ, அதே வறட்சிதான் நிலைமின்சாரத்தையும் வளர்க்கிறது. ஈரமானால் ஓர் ஆபத்து, காய்ந்தால் வேறோர் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பெண்கள் உட்கார்ந்து திரி செருகுகிறார்கள்.

பட்டாசு ஆலையின் அடிப்படைச் சட்டம் ஒன்றே. சேர்ந்தால் எரிவதைச் சேரவிடாதே. வெடியுப்பு ஓர் அறையில். கந்தகமும் அலுமினியமும் வேறு அறையில். கலவை அறை தனியே, மருந்து செலுத்தும் அறை தனியே, ஒவ்வொன்றுக்கும் இடையில் காலி இடம். குளோரேட்டையும் கந்தகத்தையும் எந்த அளவிலும் கலக்கவே கூடாது என்கிறது சட்டம். பிரிவினை முழுக்க இடத்தால் ஆனது. இதே அலுமினியம் ஆக்சைடுத் தோலை மனிதன் தன் விருப்பப்படி, ஒவ்வோர் அணு அடுக்காக வளர்க்கக் கற்றுக்கொண்டபோது, அவன் கையாண்டதும் பிரிவினைதான். ஆனால் காலத்தால் பிரித்தான்.

1974-ல் பின்லாந்து இயற்பியலாளர் துவோமோ சுந்தோலாவுக்கு, மின்சாரத்தில் ஒளிரும் தட்டைத் திரை செய்யும் பொறுப்பு வந்தது. அதற்கு ஓட்டை ஒடிசல் இல்லாத மெல்லிய படலம் வேண்டும். இன்னும் கருவிகள் வந்து சேராத வெற்று ஆய்வகத்தில், சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை பிறந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். இரண்டு தனிமங்களையும் ஒன்றாக அனுப்பினால்தானே கண்டபடி படியும்? ஒன்றை முதலில் அனுப்பி, அது பரப்பில் ஓர் அடுக்கு ஒட்டியதும் மிச்சத்தை வெளியேற்றி, அப்புறம் மற்றதை அனுப்பினால்? முதல் சோதனை துத்தநாகத்தையும் கந்தகத்தையும் மாற்றி மாற்றி அனுப்பித்தான் நடந்தது. கந்தகம் என்றதும் நம் ஊர்க்காரர் காது நிமிரும். அவ்வாண்டு நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1983-ல் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் வருகைப் பலகையாக அத்தகைய திரைகள் மாட்டப்பட்டு, 1998 வரை உழைத்தன. 2018-ல் அவருக்குப் பத்து லட்சம் யூரோ மதிப்புள்ள மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. அவருக்கு முன்பே, 1960களில் லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கியும் கோல்ட்சோவும் இதே வழியை ‘மூலக்கூறு அடுக்கல்’ என்ற பெயரில் செய்து பார்த்திருந்தார்கள். அந்த ஆய்வுகள் ரஷ்ய மொழிக்குள்ளேயே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. பெருமையை இரு தரப்புக்கும் பகிர்ந்து தருவதே நியாயம்.

இன்று இதன் பெயர் அணு அடுக்குப் படிவு. இத்துறையில் பாடம் நடத்துகிற எவரும் முதலில் எடுத்துக்கொள்வது அலுமினியம் ஆக்சைடைத்தான். தேவை இரண்டே பொருள். ஒன்று தண்ணீர் ஆவி. மற்றது டிரைமெத்தில் அலுமினியம், ஓர் அலுமினிய அணுவைச் சுற்றி மூன்று மெத்தில் கைகள். பின்னது காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். தண்ணீரில் விட்டால் வெடிப்பது போலச் சீறும். ஒரு குடுவையில் இரண்டையும் ஊற்றுபவர் உயிரோடு திரும்பமாட்டார். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உலகத்திலேயே மிகச் சீரான படலத்தை வளர்க்கிறார்கள்.

எப்படி என்பதை ஆலை வேனை வைத்துச் சொல்கிறேன். காற்றை இறைத்து வெளியேற்றிய அறையில், 200 டிகிரி அளவில் சூடேற்றிய தகடு. அதன் பரப்பெங்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவைதாம் வேனின் இருக்கைகள். டிரைமெத்தில் அலுமினிய ஆவியை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் இருக்கையைப் பிடித்து, ஒரு மெத்தில் கையை அங்கிருந்த ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனாக அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. இருக்கை நிறைந்தபின் ஆயிரம் மூலக்கூறு வந்தாலும் நிற்க இடமில்லை. உட்கார்ந்தவர்கள் தங்கள் மெத்தில் கைகளையே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றோடு புதிதாக வருகிறவருக்கு ஒட்டும் உறவும் கிடையாது. அடுத்து நைட்ரஜன் வாயு வீசி, நின்றுகொண்டிருக்கும் மிச்சத்தையெல்லாம் இறக்கிவிடுகிறது. இப்போது தண்ணீர் ஆவி வருகிறது. மீந்த மெத்தில் கைகளைப் பறித்து மீத்தேனாக அனுப்பிவிட்டு, அவை இருந்த இடத்தில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனைகளை நட்டுவிடுகிறது. வந்து உட்கார்ந்தவரே அடுத்த வரிசைக்கு இருக்கை ஆகிவிட்டார். மறுபடி நைட்ரஜன். ஒரு சுற்று முடிந்தது.

ஒரு சுற்றில் படலம் சுமார் 0.11 நானோமீட்டர் உயர்கிறது. முழு அணு அடுக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மெத்தில் கைகள் பருமனானவை. பக்கத்து இருக்கையிலும் பாதியை அடைத்துக்கொள்வதால் எல்லா இருக்கையும் நிரம்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு கூடுகிறது. எனவே எண்ணத் தெரிந்தால் போதும். 3 நானோமீட்டர் வேண்டுமா, 27 சுற்று. 10 நானோமீட்டர் வேண்டுமா, 90 சுற்று. டிரைமெத்தில் அலுமினியத்தையும் தண்ணீரையும் இப்படி மாற்றி மாற்றி அனுப்பி, வினை தானே நிற்பதை 1989-ல் ஹிகாஷியும் பிளெமிங்கும் காட்டினார்கள். வெறும் அலுமினியம் காற்றில் தானாகப் போர்த்திக்கொண்ட தோலும் தானே நிற்கிறது, இதுவும் தானே நிற்கிறது. அங்கே நிறுத்துவது மின்புலம், இங்கே நிறுத்துவது இருக்கைப் பஞ்சம். அங்கே ஒருமுறை நின்றால் நின்றதுதான். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தி, நாம் சொல்லும்போது மறுபடி தொடங்கலாம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. மல்லாங்கிணறு என்ற ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது என்பதால் கிணற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஆழமான கிணற்றின் உட்சுவருக்கு மேலிருந்து சுண்ணாம்பை வீசி வெள்ளையடித்தால் விளிம்பில் தடித்தும் அடியில் மெலிந்தும் போகும். படலம் செய்யும் பல பழைய முறைகள் அப்படித்தான். அணு அடுக்குப் படிவில் ஆவி அடிவரை இறங்கி எல்லா இருக்கையையும் நிரப்பும்வரை காத்திருக்கலாம். விளிம்பில் இருப்பது அதற்குள் கூடித் தடிக்காது. எனவே அகலத்தைப்போலப் பல பத்து மடங்கு ஆழமான நுண்குழிகளிலும் மேலும் கீழும் ஒரே தடிமன். கணினி நினைவகச் சில்லுகளில் மின்னூட்டத்தைத் தேக்குவது இத்தகைய குழிகளின் சுவரில் வளர்த்த ஆக்சைடுப் படலங்கள்தாம். 2007-ல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளில், டிரான்சிஸ்டரின் வாயிலில் நாற்பதாண்டுகளாக இருந்த சிலிக்கான் டைஆக்சைடை அகற்றி, இம்முறையில் வளர்த்த ஹாஃப்னியம் ஆக்சைடை வைத்தது. பழைய படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்து, மின்சாரம் கசியத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மும்பை ஐஐடியிலும் இந்தப் படலங்களை வளர்த்து ஆராய்கிறார்கள்.

பட்டாசு ஆலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். விதி அப்படி, சரியான விதியும்கூட. அந்தப் போனுக்குள் இருக்கும் ஆக்சைடுப் படலம் ஒவ்வொரு சுற்றாக எண்ணி வளர்க்கப்பட்டது; ஓர் அணு அகலம் பிசகினால் சில்லைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வாசலைத் தாண்டி உள்ளே போனால், தொழிலாளியின் விரல்களுக்கு நடுவே இருக்கும் பவுடரில் அதே வகைத் தோல். அதன் தடிமனை, அதன் நலத்தை, யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சில்லுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்காவது அந்தப் பவுடருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

அணு அடுக்குப் படிவை அப்படியே பவுடருக்குச் செய்ய முடியாதா என்று கேட்கத் தோன்றும். முடியும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜார்ஜும் ஆலன் வைமரும், துகள்களை வாயுவில் மிதக்கவிட்டு ஒவ்வொரு துகளுக்கும் சீராகத் தோல் போர்த்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். ஆனால் பட்டாசுக்கு இது இன்றைக்கு ஆகிற காரியமில்லை என்பதே என் தீர்ப்பு. ஒரு கிலோவுக்குத் தொண்ணூறு சென்ட் பரப்பை, காற்றுப் பட்டாலே எரியும் திரவத்தைக் கொண்டு, வெற்றிட அறையில் வைத்துப் போர்த்துகிற செலவை ஒரு சரவெடியின் விலை தாங்காது. அந்தத் திரவத்தை இந்த வட்டாரத்துக்குள் கொண்டுவருவது, இருக்கும் ஆபத்தோடு புது ஆபத்தைச் சேர்ப்பதும் ஆகும்.

தேவைப்படுவது அளத்தல். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். பவுடரில் எவ்வளவு உயிருள்ள அலுமினியம், எவ்வளவு தோல் என்று அறிய, ஒரு கிராமை எடுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, வரும் ஹைட்ரஜனை அளக்கலாம். தூய அலுமினியம் என்றால் பூச்சியம் டிகிரியில் சுமார் 1.25 லிட்டர் வரும். தோல் தடித்தால் அந்த அளவு குறையும். சுண்ணாம்பு டப்பாவின் நுரைதான் இங்கே தராசாகிறது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வகத்தில் பட்டாசுக் கலவைகளை வெப்ப அளவிகளில் வைத்து, எந்தச் சூட்டில் தானாக ஓடத் தொடங்குகின்றன என்று அளந்திருக்கிறார்கள். சிவகாசிப் பக்கமே பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த பிறகு, ‘பச்சை உப்பு’ போய்ப் புதிய கலவைகள் வந்தன. மறு ஆண்டு நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் அறிமுகப்படுத்திய பசுமைப் பட்டாசு வகைகளில் ஒன்றான ‘சஃபல்’, அலுமினியத்தைக் குறைப்பதையே குறியாகக் கொண்டது. கலவை மாறும்போதெல்லாம் ஈரத்தில் அந்தத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் புதிதாகச் சோதிக்க வேண்டும். புகையை அளந்தால் மட்டும் போதாது.

தோல் கடைசியாக எப்படி உடைய வேண்டுமோ அப்படி உடைவதைத் தீபாவளி இரவில் பார்க்கிறோம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; அதன் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். தீ ஏறும்போது கெட்டியான தோலுக்குள் உலோகம் திரவமாகி, ஆறு சதவீதம் உப்பி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்கிறது. அந்தக் கணத்து வெண்ணொளிதான் கண்ணைப் பறிப்பது. அதற்குப் பின் தெருவில் மிதக்கும் வெண்புகையில் அலுமினியம் ஆக்சைடும் உண்டு. காத்த பொருளும் எரிந்த பொருளும் கடைசியில் ஒன்றே ஆகிவிடுகின்றன.

இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்களில் யாராவது பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவராகவோ, வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறவராகவோ இருந்தால் ஒரு வார்த்தை. முந்தின நாள் மருந்து மிஞ்சிக் கிடந்தால் அதில் கை வைக்காதீர்கள். அறைக்குள் நுழையும்போது மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தாலோ, மருந்து இருக்கும் தட்டு வெதுவெதுப்பாக இருந்தாலோ, தோல் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிளறாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். கூட இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்து, தூரத்தில் நின்று ஃபோர்மேனுக்குச் சொல்லியனுப்புங்கள்.